முதல் கிடார்: நைலானா, ஸ்டீலா? பழைய யமஹா எஃப்310 ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?

மாசி வீதி

வணக்கம். மகளுக்கு 10 வயது. பாடுவாள், பாட்டுக்குக் கூடவே வாசிக்க கிடார் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் தொடங்கலாம் என்று இருக்கிறேன். இருவருக்கும் இப்போதைக்கு சினிமாப் பாட்டுதான். அவள் பின்னால் டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வு எழுதினாலும் எழுதலாம். பட்ஜெட் 10,000 ரூபாய்.

கடையில் 38 இஞ்ச் கிடார் ஒன்று, "செமி அக்கூஸ்டிக்" ஒன்று, நைலான் கம்பி போட்டது ஒன்று என்று மூன்றைக் காட்டினார்கள். இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் தன் பழைய யமஹா எஃப்310 ஸ்டீல் கம்பிக் கிடாரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை அமுக்கிப் பார்த்தால் விரல் நுனி கன்னிப்போகிறது. அது கிடாரின் குறையா, பழக்கம் இல்லாததாலா? ஒரே கிடாரை இருவரும் வைத்துக்கொள்ளலாமா?

ஆறு கம்பி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஒரே கிடார் என்றால் இருவரில் ஒருவருக்கு அது அளவு தப்பியதாகத்தான் இருக்கும். எஃப்310-இன் ஸ்கேல் நீளம் (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து, பெட்டி மேல் கம்பியைத் தாங்கும் சேடில் வரை அதிரும் நீளம்) 634 மி.மீ., நட் அகலம் 43 மி.மீ. சிறுவர்களுக்கான முக்கால் அளவு நைலான் கிடார், உதாரணமாக யமஹா சிஎஸ்40, 580 மி.மீ. ஸ்கேலும் 48 மி.மீ. நட்டும் கொண்டது. முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நாலாவது வரை எஃப்310-இல் ஏறக்குறைய 95 மி.மீ., 580 ஸ்கேலில் 87 மி.மீ. அந்த 8 மி.மீ. பெரியவர் கைக்குத் தெரியாது, 10 வயதுச் சுண்டுவிரலுக்குத் தெரியும்.

கடையிலேயே சோதிக்கலாம். குழந்தையை உட்காரவைத்து, ஆறாவது (மிகத் தடித்த) கம்பியில் ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டிலும் சுண்டுவிரலை நாலாவதிலும் வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு முறுக்காமல், இடது முழங்கை நீட்டிக்கொள்ளாமல் எட்டினால் அளவு சரி. வலது தோள் தூக்கிக்கொண்டு காதை நோக்கிப் போனால் பெட்டி பெரியது. 38 இஞ்ச், 41 இஞ்ச் என்று கடைக்காரர் சொல்வது தலையிலிருந்து அடிவரை மொத்த நீளம்; அதை வைத்து விரல் எட்டுமா என்று சொல்ல முடியாது.

நைலானா, ஸ்டீலா என்பதில் இழுவிசையை மறக்க வேண்டாம். மெல்லிய கம்பி 0.012 இஞ்ச் தடிமனில் தொடங்கும் ஸ்டீல் செட் மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் செட் சுமார் 40 கிலோ. குழந்தை விரலுக்கு நைலான் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். இதே காரணத்தால் நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. சத்தம் பெரிதாக வரும் என்று போட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் பிரிட்ஜ் (பெட்டி மேல் கம்பி கட்டும் கட்டை) பெயரும், அல்லது கழுத்து வளையும். பெரும்பாலான கிளாசிக்கல் கிடார்களில் வளைவை நிமிர்த்த டிரஸ் ராடும் (கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) கிடையாது.

டிரினிட்டியில் கிளாசிக்கல் கிடாருக்கு ஒரு பாடத்திட்டம், ராக் அண்ட் பாப் கிடாருக்கு வேறொன்று. முதலாவது நைலான் கிடாரில் விரலால் வாசிப்பது, ஸ்வரக்குறி படிக்கத் தெரிய வேண்டும். சேரப்போகும் ஆசிரியர் எதற்குத் தயார் செய்கிறார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"செமி அக்கூஸ்டிக்" என்று நம் கடைகளில் சொல்வது பெரும்பாலும் பிக்கப்பும் (ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) 9 வோல்ட் பேட்டரியும் வைத்த சாதாரண அக்கூஸ்டிக்தான். வீட்டில் பாட அது தேவையில்லை. இந்த விலையில் பிக்கப்புக்குப் போகிற பணம் மரத்திலிருந்தும் வேலைப்பாட்டிலிருந்தும் பிடித்ததுதான்.

என் கணக்கு: மகளுக்கு முக்கால் அளவு நைலான், உங்களுக்கு அந்த எஃப்310, அதுவும் சோதனையில் தேறினால். இரண்டும் சேர்ந்து பட்ஜெட் தாண்டினால் மகளுடையதை முதலில் வாங்குங்கள்.

பட்டறைக்காரன்

பழைய கிடாரைப் பார்க்க கால் மணி நேரம் போதும். கொண்டுபோக வேண்டியது: எழுத்து புடைக்காத ஏடிஎம் அட்டை நாலு, சாதாரண ஏ4 தாள் ஒன்று, போனில் டியூனர் ஆப்.

முதல்ல சரியா டியூன் பண்ணுங்க. தளர்ந்த கம்பியில எந்த அளவும் உண்மை சொல்லாது. தடித்த கம்பியிலிருந்து 82, 110, 147, 196, 247, 330 ஹெர்ட்ஸ். ஆப்ல எழுத்தை மட்டும் பார்க்காதீங்க. மெல்லிய இ கம்பியை ஒரு ஸ்தாயி மேலே ஏத்தப் போய் அறுக்கிறது புதுசா கத்துக்கிறவங்க வழக்கமா பண்றது.

அடுத்து கழுத்து வளைவு. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்லயும் 14-ஆவதுலயும் ஒரே நேரத்துல அமுக்குங்க. 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல மடிச்ச தாள் ரெண்டு மூணு அடுக்கு நுழையணும் (ஒரு தாள் 0.1 மி.மீ.). இடைவெளியே இல்லைன்னா கம்பி ஃப்ரெட்ல உரசி இரையும். அஞ்சு அடுக்குக்கு மேல போச்சுன்னா டிரஸ் ராட் வேலை இருக்கு.

இப்ப 12-ஆவது ஃப்ரெட். அட்டை ஒண்ணு 0.76 மி.மீ. மூணு அடுக்கினா 2.3. ஃப்ரெட் மேல வச்சு ஆறாவது கம்பிக்குக் கீழ தள்ளுங்க. மூணு அட்டை ஒட்டி ஒட்டாம போனா அருமையான கம்பி உசரம், அதாவது ஆக்‌ஷன். நாலு தாராளமா போனா 3 மி.மீ.க்கு மேல, விரல் வலிக்கு கிடாரும் ஒரு காரணம்னு அர்த்தம்.

நட்: ஒவ்வொரு கம்பியையும் மூணாவது ஃப்ரெட்ல அமுக்கிட்டு, முதல் ஃப்ரெட் மேல கம்பியைத் தட்டிப் பாருங்க. கண்ணுக்கு இழை மாதிரி ஒரு இடைவெளி, 'டிக்'னு சின்னச் சத்தம். அவ்வளவுதான் இருக்கணும். நட் உசரமா இருந்தா எஃப் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டு) ஜென்மத்துக்கும் வராது. ஏ மைனர், சி எல்லாம் சுருதி ஏறிக் கேட்கும், டியூனர் மட்டும் சரின்னு காட்டும்.

பிறகு ஆறு கம்பியையும் 12 ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொண்ணா வாசிங்க. ஒரு இடத்துல மட்டும் இரைஞ்சா அதுக்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கும். 12-இல் ஹார்மானிக்கையும் (அமுக்காம லேசாத் தொட்டு வாசிக்கிற ஸ்வரம்) அமுக்கின ஸ்வரத்தையும் டியூனர்ல ஒப்பிடுங்க, 5 சென்ட் (அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) வித்தியாசம் வரை பரவாயில்லை.

வாங்கவே கூடாதது: பிரிட்ஜின் பின் விளிம்புல தாள் நுழைஞ்சா அது பெயர ஆரம்பிச்சாச்சு. நட்டுக்குப் பின்னால, தலை திரும்புற இடத்துல மயிரிழை விரிசல் இருந்தா விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம்.

மாசி வீதி

ரொம்ப நன்றி அண்ணே. இன்று போய் அளந்து பார்த்தேன். கழுத்தில் மூன்று அடுக்கு தாள் நுழைந்தது. 12-இல் நாலு அட்டையும் போய் இடம் மிச்சம். ஸ்டீல் ஸ்கேலில் ஆறாவது கம்பி 3.5 மி.மீ., முதல் கம்பி 2.9. பிரிட்ஜ், தலை இரண்டும் சுத்தம். இரைச்சல் எங்கும் இல்லை. 12-இல் ஆறாவது கம்பி 8 சென்ட் ஏறிக் காட்டுகிறது. கம்பிகள் துருப்பிடித்தவை. சேடில் தடித்த கம்பிப் பக்கம் 4.5 மி.மீ. வெளியே தெரிகிறது. டிரஸ் ராடை முறுக்கினால் இறங்கிவிடும் என்கிறார் உரிமையாளர்.

பட்டறைக்காரன்

முறுக்க வேண்டாம். ராடு கழுத்தின் வளைவுக்கு மட்டும்தான், அது உங்களுக்கு சரியா இருக்கு. சரியா இருக்கிறதை நிமிர்த்தினா முதல் அஞ்சு ஃப்ரெட் இரையத் தொடங்கும், ஆக்‌ஷன் பேருக்குத்தான் இறங்கும். உங்க வேலை சேடில்ல.

12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்க 1 மி.மீ. இறங்கணும்னா சேடில்ல 2 மி.மீ. எடுக்கணும். தடித்த பக்கம் 3.5-இல் இருந்து 2.5, மெல்லிய பக்கம் 2.9-இல் இருந்து 2.0. ஆக சேடில்ல தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.8. வெளியே 2.5 மிச்சம் நிக்கும், அது போதும். ஒன்றரைக்குக் கீழ போயிருந்தா கம்பி சேடில் மேல அழுந்தி வளையாது, சத்தம் செத்துப்போகும்.

கம்பியைத் தளர்த்திட்டு, பிரிட்ஜில அதைப் பிடிச்சிருக்கிற பின்னைப் பிடுங்குங்க. வரலைன்னா பிளையர் போடாதீங்க. கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிட்டு, ஓட்டைக்குள்ள கைவிட்டு ஒரு நாணயத்தால கீழேயிருந்து பின்னை மேலே நெம்புங்க. சேடிலை எடுத்ததும் எந்தப் பக்கம் தடித்த கம்பின்னு பென்சில்ல குறிச்சுக்கோங்க, திருப்பிப் போட்டா எல்லாம் கெட்டுது. எடுக்க வேண்டியது அடிப்பக்கம், எதுவரைன்னு அங்க ஒரு கோடு போட்டுக்கோங்க. மேல்பக்க வளைவைத் தொடக் கூடாது. ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு ஏத்த மாதிரி செஞ்சது அது.

கண்ணாடித் துண்டு மேல 120 எமரி தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடிச்சு ஒரே திசையில இழுங்க. கோடு நெருங்கினதும் 400-க்கு மாறுங்க. கை சாய்ஞ்சா அடி உருண்டுபோகும். பள்ளத்துல முழுசா உட்காராம ஒண்ணு ரெண்டு கம்பி மட்டும் மந்தமாக் கேட்கும். 8 சென்ட் ஏத்தத்துக்குப் பாதிக் காரணம் உசந்த ஆக்‌ஷன், அமுக்கும்போது கம்பி அதிகமா இழுபடுது. மீதி துருக்கம்பி. ரெண்டும் மாறினதும் திரும்பப் பாருங்க. கிடாரை வாங்குங்க.

உப்புக்காற்று

அண்ணன் கணக்கு சரி, ஆனால் ஒரே தடவையில் 2 மி.மீ. வேண்டாம். முதலில் 0.010 – 0.047 செட் போடுங்கள். 0.012-ஐவிட இழுவிசை குறைவு, கழுத்து தானாகவே கொஞ்சம் பின்வாங்கும். இரண்டு நாள் கழித்து அளந்து, 1.5 மட்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். மேலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், ஆக்‌ஷன் ஏறும். அப்போது அளந்து தேய்த்தால் சித்திரையில் இரையும். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது. அடியில் அட்டைத் துண்டு கொடுத்துத் தூக்குவது ஒப்பேற்றல்தான்.

வைக்கும் இடமும் முக்கியம். கிடாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் சுகம். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் திறந்து வைத்தால் கழுத்து மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பசை இளகி பிரிட்ஜ் கிளம்பும். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடையுங்கள், வேர்வை உப்புதான் துருவுக்குக் காரணம்.

பட்டறைக்காரன்

எஃப்310 மேல்பலகை லேமினேட் (ஒட்டுப் பலகை), ஒற்றைப் பலகை மாதிரி அவ்வளவு ஆடாது. ஆனா ரெண்டு தவணையாத் தேய்க்கிறது நல்ல யோசனைதான்.

சுருதிப்பெட்டி

மகள் எத்தனை கட்டையில் பாடுகிறாள்? அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. 5½ என்றால் ஜி ஷார்ப். அந்தச் சுருதியில் நேரடியாக கார்ட்ஸ் பிடித்தால் எல்லாம் பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்குவது), தொடக்கக்காரருக்கு ஆகாது. கேப்போவை (கழுத்தில் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் மாட்டி ஜி, சி, டி, ஈ மைனர் வடிவங்களையே பிடித்தால் 5½ கட்டை வந்துவிடும். இரண்டாவதில் மாட்டினால் 6. நீங்கள் 1½ கட்டையில் பாடுபவர் என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ, சி வடிவங்கள்.

பழகும் வரிசை: ஈ மைனர் (இரண்டே விரல்), ஏ மைனர், பிறகு சி, டி, ஜி. எஃப் வரும்போது முழு பாரே வேண்டாம், மெல்லிய நாலு கம்பியில் சின்ன எஃப் போதும். விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் வையுங்கள், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் இரட்டிப்பு அழுத்தம் கொடுத்தும் இரையும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் ஓடவிட்டு இரண்டு கார்ட்ஸுக்கு இடையே மாறுங்கள். ஒரு நிமிடத்தில் 30 மாற்றம் சுத்தமாக வந்தால் அந்த ஜோடியைப் பாட்டில் போடலாம். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்றால் விரல் புண்ணாகி மறுநாள் கிடாரைத் தொட மனம் வராது.

பாட்டில் வரும் கமகத்தையும் வாசிக்க ஆசை வந்தால், அது இந்தக் கிடார்களின் வேலை அல்ல. அக்கூஸ்டிக்கில் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பி, இழுத்தால் நகராது. சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றோர் கர்நாடக இசைக்கு எலக்ட்ரிக்கைக் கையில் எடுத்ததன் காரணம் அதை வாசித்துப் பார்த்தாலே புரியும்.

கேப்போ வாங்கும்போது கவனம். நைலான் கிடாரின் ஃப்ரெட்போர்டு தட்டையானது, எஃப்310-இல் வளைவு உண்டு. வளைந்த கேப்போவை நைலானில் மாட்டினால் நடுக் கம்பிகள் சரியாக அழுந்தாமல் இரையும், ஆகவே மகளுக்குத் தட்டை ரகம் தனியாக வேண்டும். மாட்டியதும் ஆறு கம்பியையும் டியூனரில் மறுபடி பாருங்கள். அதன் அழுத்தத்தில் தடித்த கம்பிகள் சில சென்ட் ஏறியிருக்கும், இரண்டு கிடாரும் சேர்ந்து ஒலிக்கும்போது அதுதான் முதலில் காதில் உறுத்தும்.