கதிருக்கு எந்த விமானம்? (குடும்பக் குழுவில் ஒரு மாலை)

நான்: பைலட் பயிற்சிக்கு இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் செஸ்னா 152, 172. இன்னொன்றில் டயமண்ட் டிஏ40 என்ஜி. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். பெரியப்பா, நீங்கள் ஏர்ஃபோர்ஸில் எஞ்சின் பார்த்தவர், சொல்லுங்கள்.

சித்தி: டயமண்டுதான் அழகு. செஸ்னா பழைய அம்பாசடர் மாதிரி இருக்கிறது 😄

பெரியப்பா: அம்பாசடர் என்றது சரிதான். 172 வந்தது 1956இல். 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் எங்கும் கிடைப்பான். டேய், உன் எடை எவ்வளவு?

நான்: 94 🙈

அத்தை: தீபாவளிக்கு 90 என்றாயே!

பெரியப்பா: அப்படியானால் 152ஐ மறந்துவிடு. இரண்டே இருக்கை. எல்லாம் சேர்த்து 757 கிலோவோடுதான் கிளம்பலாம், அதில் மூன்றில் இரண்டு பங்கு விமானத்தின் எடையே. டேங்கை நிரப்பினால் இரண்டு ஆளுக்கு 185 கிலோ மிஞ்சினால் பெரிது. வாத்தியாரும் உன் அளவு என்றால்?

அம்மா: பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு பறக்கச் சொல்வார்களா? 😨

பெரியப்பா: கணக்குப் போட்டுத்தான் குறைப்பார்கள், பயப்படாதே அம்மா. ஆனால் அதைவிடப் பெரிய 172 இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

தம்பி: டிஏ40இல் முழுக்க ஸ்கிரீன், அண்ணா. ஜி1000!

பெரியப்பா: புது 172லும் அதே ஸ்கிரீன் வருகிறது. டிஏ40 என்ஜியின் நிஜமான லாபம் டீசல் எஞ்சின். ஜெட் எரிபொருளே போதும். செஸ்னாவுக்கு ஏவ்காஸ் என்கிற விமானப் பெட்ரோல் வேண்டும், விலையும் அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. அப்புறம் என்ஜியில் ஒரே லீவர், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். 172இல் மிக்ஸ்சரை, அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை, நீதான் கையால் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் சத்தத்துக்குக் காது பழகும். எனக்கு அதுதான் பிடிக்கும், பழைய ஆள் 🙂

நான்: டிஏ40இல் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே முழுக்கக் கண்ணாடி. ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது.

பெரியப்பா: செஸ்னாவுக்கு இறக்கை மேலே, நிழலாவது விழும். சரி, அதெல்லாம் இருக்கட்டும். வரிசையாக நிறுத்தியிருக்கிறார்களே, நேற்று அதில் எத்தனை பறந்தன என்று கேட்டாயா?

நான்: கேட்கவில்லை...

பெரியப்பா: போ! என் நண்பர் மகன் சேர்ந்த இடத்தில் ஏழு நின்றன, இரண்டுதான் பறந்தன. ஸ்பேர் வருகிறது, வருகிறது என்றே எட்டு மாதம் ஓட்டினார்கள். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 நீயே கேப்டனாக. ஹாங்கரில் நிற்கிற விமானத்தில் மணி ஏறாது. ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள், மெக்கானிக் அங்கேயே இருக்கிறாரா, இதையும் கேள்.

(இரவு 8:40)

நான்: இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். செஸ்னா பள்ளியில் நேற்று ஆறில் ஐந்து பறந்ததாம், பறந்த கணக்கு எழுதும் லாக்புக்கையே காட்டுகிறோம் என்றார்கள். டயமண்ட் பள்ளியில் மேனேஜர் திரும்பக் கூப்பிடுவாராம்.

சித்தி: கூப்பிட்டாரா?

நான்: இன்னும் இல்லை.

பெரியப்பா: வியாழக்கிழமை நானும் வருகிறேன். லாக்புக்கை நான் பார்க்கிறேன்.

அம்மா: கதிர், இரவுக்கு உனக்கு இரண்டு சப்பாத்திதான்.