பிக்மென்டேஷன்: நிறமூட்டலா, நிறமிப்பிடிப்பா?

வணக்கம்.

இறால் வளர்ப்புக் கையேட்டுக்காக 'பிக்மென்டேஷன்', அதாவது இறாலின் உடலில் நிறம் சேர்வது, என்பதற்கு வந்திருக்கும் சொற்களைப் பார்த்தேன்: நிறமூட்டல், நிறமியாக்கம், நிறமேற்றம்.

நிறமியாக்கம் உண்மைக்கே பொருந்தாது. கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளை இறால் தானாக உண்டாக்குவதில்லை. பாசியிலும் தீவனத்திலும் கிடைப்பதை அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியாக மாற்றி ஓட்டிலும் அதன் அடித்தோலிலும் சேர்த்துவைக்கிறது, அவ்வளவுதான். நிறமூட்டல் என்றாலோ கேசரிப் பவுடர்தான் ஞாபகம் வருகிறது. இறாலுக்குச் சாயம் போடுகிறார்கள் என்று வாங்குபவர் நினைத்தால் விவசாயி கதி என்ன? நிறமேற்றமும் வெளியிலிருந்து யாரோ ஏற்றுவது போலத்தான் ஒலிக்கிறது.

தொண்டிப் பக்கம் பண்ணைக்காரர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. "இந்தத் தடவை கலர் பிடிக்கல" என்பார்கள். மருதாணி பிடிக்கும், சாயம் பிடிக்கும், அதே பிடித்தல். ஆகவே என் பரிந்துரை நிறமிப்பிடிப்பு. அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. கிரஸ்டாசயனின் என்ற புரதம் அஸ்டாசாந்தினைப் பிடித்துவைத்திருப்பதால்தான் வேகாத இறால் நீலமும் பழுப்புமாகத் தெரிகிறது. வெந்நீரில் புரதம் குலைந்து பிடி விட்டதும் சிவப்பு வெளியே வந்துவிடுகிறது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். போன மாதம் மச்சான் பண்ணையில், ஒரே குளத்தில் வீச்சு வலை போட்டு எடுத்த வனாமி இறாலில் பாதியை வெள்ளை டப்பிலும் பாதியைக் கறுப்பு டப்பிலும் விட்டிருந்தோம். டீ குடித்து ஒரு மணி நேரம் கழித்து வந்தால், வெள்ளை டப்பில் இருந்தவை கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தன. மற்றவை வாலோரம் வரை கருத்திருந்தன. வரப்பிலேயே அடுப்பு வைத்து வேகவைத்தோம். கறுப்பு டப் இறால்தான் நன்றாகச் சிவந்தது. "வெளுத்திருந்தா எடுக்க மாட்டாய்ங்க மாப்ள" என்றார் மச்சான். போன அறுவடையில் ஒரு வியாபாரி நிறத்தைக் காட்டியே விலையைக் குறைத்த கோபம் அவருக்கு.

ஒரே தீவனம் தின்ற இறால். ஒரு மணி நேரத்தில் நிறமியின் அளவு மாறிவிடாது. தோலடிச் செல்களுக்குள் நிறமி விரிவதும் ஒடுங்குவதும்தான் இந்த வித்தியாசம். இதை நிறமிப்படர்வு எனலாம். பிடிப்பு தீவனத்தால் வருவது, படர்வு தரையின் நிறத்தால் வருவது. கையேட்டில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், குளத்தின் அடியைப் பார்க்க வேண்டியவர் தீவனத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பார். செத்த பிறகு தலைப்பக்கம் வரும் கரும்புள்ளி இரண்டிலும் சேராது. அது நொதியின் வேலை.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. மீன்வளத் துறை எழுத்தில் பிடிப்பு என்றால் வலையில் கிடைப்பது. 'இறால் நிறப்பிடிப்பு' என்று எழுதினால் ஒரு கணம் தடுக்கும். அதனால்தான் 'மி' சேர்த்தேன். பேச்சில் அது நிற்குமா, பண்ணைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.