டைனமோ சார்ஜருக்குத் தமிழ்ச்சொல் – நாளை அச்சு, அவசரம்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மிதிவண்டியில் நெடும்பயணம் போகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். முன்சக்கரத்தின் நடுக்குடத்தில் இருக்கும் டைனமோவிலிருந்து மின்சாரத்தை வாங்கி, கைபேசிக்குத் தோதாக மாற்றித் தரும் சிறு பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'மிதிமின்னேற்றி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

இயற்பியல் ஆசிரியை:
மிதி எதற்கு? இறக்கத்தில் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சக்கரம் சுழல்கிறது, மின்சாரம் வருகிறது. சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாக வரும். தவிர, பெட்டி எதையும் உற்பத்தி செய்வதில்லை. டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம். வேகத்துக்கேற்ப அதிர்வெண்ணும் மாறும். அதை நேர்திசையாகத் திருத்தி, மின்தேக்கி கொண்டு சமப்படுத்தி, 5 வோல்ட்டில் நிறுத்துவதுதான் பெட்டியின் வேலை. 'மிதி' என்றால் படிப்பவர் டைனமோவையே நினைத்துக்கொள்வார்.

புலவர் ஐயா:
அம்மா சொல்வது சரி. ஆனால் பிழை 'மிதி'யோடு நிற்கவில்லை, 'ஏற்றி'யிலும் இருக்கிறது. ஏறு – ஏற்று, உண் – ஊட்டு, இரண்டும் பிறவினைதான். ஆனால் ஏற்றுவது பாரத்தை. இங்கே நடப்பதோ, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. ஆகவே 'ஊட்டி'. முன்னொட்டுக்குச் சங்கத்தமிழ் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியின் சக்கரத்தை 'முழவின் அன்ன முழுமர உருளி' என்கிறார் புலவர். முழவு நடுவில் பருத்தது. அப்படியானால் அங்கே அவர் கண் நின்றது சக்கரத்தின் குடத்தில் என்பது என் துணிபு. நம் டைனமோவும் அங்கேதானே இருக்கிறது? 'உருளியூட்டி' என்று வையுங்கள். மிதிவண்டிக்கு ஈருருளி என்ற வழக்கும் துணைக்கு நிற்கும். உருள், உருளை, உருண்டை, உருட்டு என இந்த வேரின் கிளைகளை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

இயற்பியல் ஆசிரியை:
ஐயா, தனி மடல் அச்சுக்குப் பிறகு வரட்டும். எங்கள் பாடநூலில் மின்னூட்டம் என்பது கூலும் அலகில் அளக்கும் அளவு. 'ஊட்டி' என்றால் மாணவர்கள் அங்கே போய்விடுவார்கள்.

இலங்கை அன்பர்:
எங்கள் பக்கம் அதே அளவுக்கு மின்னேற்றம் என்றுதான் பெயர். ஊட்டியில் உங்களுக்கு இடறல், ஏற்றியில் எங்களுக்கு இடறல். ஆனாலும் கைபேசிக்கு மின்னேற்றி என்றால் இங்கே எவரும் குழம்புவதில்லை.

பயணி:
நான் வண்டி ஓட்டுபவன், இலக்கணம் தெரியாது. கையேட்டில் இந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வரும் என்று பாருங்கள். குட டைனமோவின் வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். விளக்கை எரியவிட்டால் கைபேசிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. மேட்டில் வேகம் குறைந்தால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். கைபேசி ஒவ்வொரு தடவையும் விழித்துத் திரையை எரியவிட்டு, வந்ததைவிட அதிகம் செலவழிக்கும். அதனால் இடையில் ஒரு பவர் பேங்க் வைத்து, முதலில் அதை நிரப்புவதே நல்லது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய 37 வாட்-மணி. இரண்டரை வாட் கிடைத்தாலும் இழப்பைச் சேர்க்காமலே பதினைந்து மணி நேரம் உருள வேண்டும். இப்போது இதைப் படித்துப் பாருங்கள்: 'இருட்டியதும் உருளியூட்டியைத் துண்டிக்கவும்.' மழையில் ரோட்டோரம் நின்று இதைப் படிப்பவன் எதைக் கழற்றுவான்? சக்கரத்தையா?

புலவர் ஐயா:
தம்பி, பழகினால் புரியும். 'மின்சாரம்' என்ற சொல்லும் ஒருநாள் புதுசுதான்.

பயணி:
பழகுவதற்குள் விளக்கு அணைந்துவிடும் ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
மணி பதினொன்று. 'டைனமோ மின்னேற்றி' என்று வைத்துக்கொள்ளட்டுமா? முதல் இடத்தில் மட்டும் 'டைனமோ மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி' என்று விளக்கிவிடுகிறேன். பவர் பேங்க்கை அப்படியே விட்டுவிட்டேன், அதற்கும் இன்றிரவு விவாதம் வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியை:
எனக்குச் சம்மதம். 'மின்மாற்றி' என்று மட்டும் எங்கும் போட்டுவிடாதீர்கள், அது டிரான்ஸ்ஃபார்மர், வேறு கருவி.

பயணி:
சரி.

புலவர் ஐயா:
டகரம் மொழிக்கு முதலாகாது. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக என்ற தொல்காப்பிய விதியை மற்ற மொழிச் சொல்லுக்கும் நீட்டலாம் என்பதே என் கருத்து. குறைந்தது 'தைனமோ' என்றாவது எழுதுங்கள்.

இலங்கை அன்பர்:
நாங்கள் தைனமோ என்றுதான் எழுதுகிறோம். இதில் என் வாக்கு ஐயாவுக்கு.

மொழிபெயர்ப்பாளர்:
கோப்பு பத்து நிமிடம் முன்பே போய்விட்டது. 'டை'தான். மன்னிக்கவும் ஐயா.

புலவர் ஐயா:
என் மறுப்பு இந்த இழையில் பதிவாகி இருக்கட்டும். உருளி பற்றிய மடல் காலையில் வரும்.