நஞ்சை நடுவே இறால் பண்ணை: சட்டம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. வேதாரண்யம் பக்கம் கடைமடை கிராமம் எங்களுடையது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். இப்போது சம்பா வயலுக்குப் பக்கத்திலேயே இறால் குட்டை வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கழிவுநீர் வடிகாலில் விழுகிறது. வரப்போரம் உப்புப் பூக்கிறது, அடிபம்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. வேலை கிடைத்ததே என்று பண்ணைக்குப் போகிறவர்களும் எங்கள் பிள்ளைகள்தான், அவர்கள்மேல் கோபமில்லை.

நம் காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 2005-இல், இறால் பண்ணைகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-இல் அதையும் திருத்தினார்கள். இன்று எங்கள் நஞ்சைக்கு எது காவல்? டெல்டா விளைநிலத்தைக் காக்கத் தமிழக அரசு 2020-இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதற்கு உதவுமா?

அந்தப் பண்ணை ஆணையத்தில் பதிவானதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் யாரிடம் கேட்க வேண்டும்? எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கல் நகல் கையில் இருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனையை எந்த ஆய்வகத்தில் செய்தால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏற்கும்? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதக் கெடு இருக்கிறது. மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருந்து அதைத் தவறவிடப் பயமாக இருக்கிறது.

முத்துப்பேட்டை, சீர்காழி பக்கம் இப்படி வழக்காடியவர்கள் இருந்தால், மனு நகலை மட்டுமாவது பகிருங்கள். கட்டணம் வாங்காமல் வழிகாட்டும் வழக்கறிஞர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.