படம் வரையுமுன் யாரிடம் கேட்டீர்கள்? மதுரை வட்டாரத்து என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்களின் அனுபவங்கள்

இலந்தைக்குளத்தான்:

ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்புகள் எல்லாம் எப்படி இணைந்து ஓடுகின்றன என்று படம் வரைந்து திட்டமிடுவதுதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் வேலை. அதற்கான டோகாஃப் என்ற வழிமுறையில் சான்றிதழ் வாங்கிய கையோடு வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிகள் முதல் வாரமே அதிலுள்ள எட்டுக் கட்டச் சக்கரத்தை ஸ்லைடில் ஒட்டிவிடுகிறார்கள். 1995-இல் வந்த முதல் பதிப்பு, 2022-இல் வந்த பத்தாம் பதிப்பு என்று வரலாறும் ஒப்பிக்கிறார்கள். உங்கள் நிறுவனத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை.

திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலைக் குழுமம். ஈஆர்பி (கணக்கு, கொள்முதல், ஸ்டாக் எல்லாம் ஒன்றாக ஓடும் மென்பொருள்) மாற்றப் போகிறோம், இப்போது என்னென்ன ஓடுகிறது என்று படம் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். ஐடி பிரிவு கொடுத்த பட்டியல் சுத்தமாக இருந்தது: ஈஆர்பி, சம்பளம், வருகைப் பதிவு, எடைமேடை. அதை வைத்தே அன்றைக்குப் படம் வரைந்திருக்கலாம். வரையாமல் குடோனில் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன்.

டெஸ்பாட்ச் பார்க்கும் அண்ணன் திரையில் ஈஆர்பியைக் காணோம். எக்செல்தான். வரிக்கு ஒரு பார்ட்டி, எதிரில் கவுண்ட் (நூலின் பருமன்), லாட் நம்பர் (எந்தத் தொகுதியில் நூற்றது), எத்தனை மூட்டை. மஞ்சள் அடித்திருந்தால் பணம் வந்தாச்சு. சிவப்பென்றால் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.  இளம்பச்சை, லாட் கலக்காமல் அனுப்பச் சொன்ன பார்ட்டி. (லாட் கலந்தால் சாயம் ஏற்றும்போது துணியில் பட்டை பட்டையாகத் தெரியும், மொத்தமும் திரும்பி வரும்.) “ஏண்ணே, இதெல்லாம் ஈஆர்பில இல்லையா?” என்று கேட்டேன். “அதுல கலர் அடிக்க முடியாதே தம்பி. இந்த ஃபைலத் தொறக்கலேன்னா லாரி கெளம்பாது” என்றார்.

கடன் வரம்பும் லாட் கட்டுப்பாடும் எந்த ஆவணத்திலும் இல்லை, செல்லின் நிறத்தில் குடியிருக்கின்றன. இது தெரியாமல் புது ஈஆர்பிக்கு மாறியிருந்தால் முதல் நாளே கேட்டில் லாரி நின்றிருக்கும். அந்த எக்செல்லை ஈஆர்பிக்குச் சமமான பெட்டியாகவே படத்தில் போட்டேன். ஐடி மேனேஜருக்குக் கோபம், “இதைப் போய் அப்ளிகேஷன்னு சொல்றீங்களே சார்” என்றார். நின்றால் லாரியை நிறுத்துவது எதுவோ அது அப்ளிகேஷன். என் கட்சி இதுதான்.

கீழமாசிவீதி:

அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. எங்க ரோதனை கஸ்டமர் மாஸ்டர்ல, அதாவது சிஸ்டத்துல இருக்குற வாடிக்கையாளர் பட்டியல்ல. டவுனுக்குள்ள மருந்து மொத்த வியாபாரம், கேரளாலயும் கிளை இருக்கு. ஒரே கடை அஞ்சாறு பேர்ல கெடக்கும்: ஸ்ரீ, ஷ்ரீ, ஸ்ரி, இனிஷியல் போட்டு, போடாம. பத்தாததுக்கு ‘முருகன் மெடிக்கல்ஸ் ஓல்டு’ன்னு ஒண்ணு. என்னடான்னு பாத்தா, வசூலாகாத பழைய பாக்கியை ஒதுக்கி வைக்கத் தனிக் கோடு (பார்ட்டி எண்)! கிரெடிட் லிமிட் ஒவ்வொரு கோடுக்கும் தனித்தனி. அப்ப அந்தக் கடைக்கு எம்புட்டுக் கடன் கொடுத்திருக்கோம்னு முதலாளிக்கே தெரியாது.

பேரை ஒப்பிட்டுச் சேக்குற டூல் ஒண்ண ஒரு கம்பெனிக்காரங்க லட்சக்கணக்குல விக்க வந்தாங்க. வேணாம்னுட்டோம். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடம். முதல் ரெண்டு மாநிலம், நமக்கு 33, கேரளாவுக்கு 32. அடுத்த பத்தும் பான் நம்பர். பான் ஒண்ணுன்னா ஆள் ஒண்ணு, அதனால கடன் வரம்ப பான்ல கட்டினோம். முழு எண்ணு பில் போடுற இடத்துக்கு. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்னக் கடை என்ன பண்றது? மருந்துக்கடைன்னா டிரக் லைசென்ஸ் இருந்தே ஆகணும், அதுவும் அந்தக் கடை முகவரிக்குத்தான் கொடுப்பாங்க. அதுதான் சாவி.

இது ரெண்டாவது விஷயம்தான். முதல் விஷயம், புதுப் பார்ட்டி யார் தொறக்கலாம்கிறது. சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், பில்லிங் கவுண்ட்டர்னு மூணு பேரும் தொறந்துக்கிட்டிருந்தாங்க. அக்கவுண்ட்ஸ் மட்டும்னு சொன்னோம். சேல்ஸ் மேனேஜர் எந்திரிச்சுட்டாரு. “ஞாயித்துக்கிழம கட தொறக்குறவன் திங்கக்கிழம வரைக்கும் சரக்கில்லாம ஒக்காந்திருக்கவா?” நியாயமான கேள்விதான? அதனால கவுண்ட்டர்ல தற்காலிகக் கோடு தொறக்கலாம், ரொக்கம் மட்டும், ஒரு பில்லோட செத்துரும். இத ஒத்துக்க வைக்கப் பேசின பேச்சுதாண்ணே ஆர்க்கிடெக்சர் வேலை. மத்ததெல்லாம் டேட்டா என்ட்ரி.

வரி மாத்தத்துலயும் இதே கதை. 22 செப்டம்பர் 2025 அன்னைக்குப் பெரும்பாலான மருந்துக்கு 12 சதவீதம் 5 ஆச்சு. எங்ககிட்ட வரி விகிதம் ‘எந்தத் தேதியிலேர்ந்து’ங்கிற கட்டத்தோட தனி டேபிள்ல இருந்துச்சு, அதுல ஒரு வரிசை சேத்தோம், முடிஞ்சது. ஐட்டம் மாஸ்டர்ல (சரக்குப் பட்டியல்ல) 12ஐ அழிச்சு 5னு எழுதினவுங்களுக்குப் பழைய பில் சரக்கு திரும்பி வந்தப்பதான் தலைவலி. கிரெடிட் நோட்டு பழைய விகிதத்துலதான போடணும்?

நாகமலைக்காரி:

எக்செல்லுக்குப் பெட்டி போடுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை அண்ணா. பெட்டி போட்டால் அதற்கு அங்கீகாரம் வந்துவிடும், அடுத்த பட்ஜெட்டில் அதை மாற்ற யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள். போடுங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு கெடு தேதியும் போடுங்கள்.

நான் வடபழஞ்சியில் ஒரு வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளருக்கு வேலை பார்க்கிறேன். ஏஜென்ட் கமிஷன் ஃபைல் தினம் ராத்திரி இரண்டாகப் பிரிந்து போகும். ஏன் என்று கேட்டால் “அது அப்படித்தான், தொடாதீங்க” என்பார்கள். தோண்டிப் பார்த்ததில், அந்தப் பக்கம் இருந்த பழைய மெயின்ஃபிரேம் (பெரிய மையக் கணினி) பெரிய ஃபைலை வாங்காது என்று எப்போதோ பிரித்திருக்கிறார்கள். அந்த மெயின்ஃபிரேமைக் கழற்றிப் போட்டே பல வருஷமாகிறது. ஃபைல் மட்டும் இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது, அதைச் சரிபார்க்க ஒரு ஆள் நைட் ஷிஃப்டில்!

அதற்குப் பிறகு எங்கள் டீமில், ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்று எழுதி வைக்கும் முடிவுக் குறிப்பு இல்லாமல் எதுவும் நகராது. மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் சொன்ன எளிய வடிவம்தான்: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு. ஒரே பக்கம். நான் ஒரு வரி கூடச் சேர்த்தேன், ‘எது மாறினால் இதை மறுபடி பார்க்க வேண்டும்’. மெயின்ஃபிரேம் போகும்போது என்று அன்றைக்கு ஒருவர் எழுதி வைத்திருந்தால் நைட் ஷிஃப்டே தேவைப்பட்டிருக்காது. பழைய குறிப்பை அழிக்கவும் கூடாது, இன்னதால் மாற்றப்பட்டது என்று நிலையை மட்டும் திருத்துங்கள்.

புது சிஸ்டங்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் ரிவ்யூ போர்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் கட்டி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு வருவார்கள், நாம் ‘முடியாது’ என்றால் வில்லன். இப்போது யோசனை கட்டத்திலேயே அரை மணி நேரம், அந்த ஒரு பக்கக் குறிப்பின் வரைவோடு வரச் சொல்கிறோம். சண்டை குறைந்திருக்கிறது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

மேலூர் ரோடு:

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம். நான் ஐடி பார்க்கிற இடம் ஹார்டுவேர், பெயின்ட் வியாபாரம். அண்ணன் தம்பி இரண்டு முதலாளி, பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு கடைக்கும் தனித்தனி ஃபாக்ஸ்ப்ரோ (பழைய டேட்டாபேஸ் மென்பொருள்). ஸ்டாக் விவரம் பென் டிரைவில் கணக்குப்பிள்ளை சட்டைப் பையில் போய் வருகிறது. இதற்கு என்ன ஆர்க்கிடெக்சர் சொல்வீர்கள்?

கீழமாசிவீதி:

கணக்குப்பிள்ளைதான் உங்க இன்டகிரேஷன் லேயர், ரெண்டு சிஸ்டத்தையும் இணைக்கிற கண்ணி, அவர மொதல்ல நல்லாப் பாத்துக்கங்க! சிரிப்புக்குச் சொல்லல. மெல்வின் கான்வேன்னு ஒரு கம்ப்யூட்டர் வல்லுநர் 1968-லயே சொல்லிட்டாரு: ஆளுங்க யார் யாரோட பேசுறாங்களோ அதே உருவத்துலதான் அவங்க கட்டுற சிஸ்டமும் வரும்னு. பங்காளி பேசாத எடத்துல ஏபிஐ (ரெண்டு மென்பொருள் பேசிக்கிற வழி) மட்டும் எப்பிடிப் பேசும்?

ஃபாக்ஸ்ப்ரோவ ஒரே ராத்திரில தூக்காதீங்க. மைக்ரோசாஃப்ட் ஆதரவு ஜனவரி 2015-லயே முடிஞ்சுருச்சு, அது சரி. ஆனா பில்லிங்ல கைய வச்சா மறுநாளு கடை திணறும். அழகர்கோவில் ரோட்டுல பனையச் சுத்திப் படர்ந்து ஏறின ஆலமரம் பாத்திருப்பீங்கள்ல? மென்பொருள் பத்தி எழுதுற மார்ட்டின் ஃபவுலர் ஆஸ்திரேலியாக் காட்டுல அது மாதிரி மரத்தப் பாத்துட்டு 2004-ல ‘ஸ்ட்ராங்லர்’ங்கிற அந்தப் பேரையே பழைய சிஸ்டத்த மாத்துற ஒரு முறைக்கு வச்சாரு. பழசு நிக்கட்டும், புதுசு அதைச் சுத்தி வளரட்டும். மொதல்ல ரிப்போர்ட் மட்டும் வெளிய எடுங்க, ஃபாக்ஸ்ப்ரோவோட டிபிஎஃப் டேட்டா ஃபைல படிக்கிறதோட சரி, எழுதாதீங்க. அப்புறம் ஸ்டாக் விசாரணை. பில்லிங் கடைசி.

மேலூர் ரோடு:

சரி, அண்ணன்மாரே. திங்கட்கிழமை போனதும் முதலில் எதைத் தொட?

இலந்தைக்குளத்தான்:

கணினியைத் தொட வேண்டாம். கணக்குப்பிள்ளையிடம் போன வருஷத்துப் பேமென்ட் லெட்ஜர் கேளுங்கள். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு), ரெனியூவல், எஸ்எம்எஸ் பேக், டொமைன், யாரோ ஒரு பையனுக்கு மாதாமாதம் போகும் ‘சாஃப்ட்வேர் செலவு’ எல்லாம் தேதியோடு இருக்கும். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரில், இது நின்றுபோனால் முதலில் யார் போன் வரும் என்று ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் கிடைக்காத வரிகளை எடுத்துக்கொண்டு அண்ணனைத் தனியாக, தம்பியைத் தனியாகப் போய்ப் பாருங்கள். இரண்டு பேரையும் ஒரே ரூமில் உட்கார வைத்துவிடாதீர்கள்.