கலைச்சொல் விவாதம்: 'சமூகத் தோல்வி'யா, 'தோற்கடிப்பு நெருக்கீடு'வா?

அன்பின் நண்பர்களுக்கு,

இலங்கை மலையகத்தின் ஹற்றனில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். முதற் பந்தியிலேயே ஒரு சொல் தடுக்கி, மூன்று நாட்களாக அங்கேயே நிற்கிறேன். ஆங்கிலத்தில் அது chronic social defeat stress; நம் பழைய கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'நாட்பட்ட சமூகத் தோல்வி அழுத்தம்' என்று இருக்கிறது. வகுப்பில் இதை வாசித்தபோது, ஒரு சமூகம் தோற்றுப்போன கதை என்றே பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். அவர்கள்மீது பிழையில்லை.

அந்தச் சொல் குறிப்பது, மனச்சோர்வை ஆராயச் சுண்டெலிகளில் செய்யும் ஒரு சோதனையை. அது இதுதான். சிறிய கறுப்புச் சுண்டெலி ஒன்றை, அதைவிடப் பருத்த, சண்டைக் குணமுள்ள ஆண் வெள்ளைச் சுண்டெலியின் கூட்டுக்குள் விடுகிறார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் துரத்தலும் கடியும். பிறகு நடுவில் துளைகளிட்ட, ஒளி ஊடுருவும் தடுப்பைச் செருகுகிறார்கள். கடி நின்றுவிடும், எதிரியின் வாடையும் உருவமும் மறுநாள்வரை பக்கத்திலேயே இருக்கும். மறுநாள் வேறொரு முரட்டுச் சுண்டெலி. இப்படிப் பத்து நாட்கள். அதன்பின், கம்பிவலைக்குள் அடைத்த இன்னொரு சுண்டெலியைக் காட்டினாலும் பல சுண்டெலிகள் அதன் அருகில் போகாமல் மூலையில் ஒதுங்குகின்றன. சீனித் தண்ணீரையும் வெறுந் தண்ணீரையும் வைத்தால், சீனித் தண்ணீரில் வழக்கமாக உள்ள நாட்டம் குறைந்துவிடுகிறது. 2006இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு மருந்தைச் சிறிது காலம் கொடுத்தபோது இந்த ஒதுக்கம் மாறவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் தொடர்ந்து கொடுத்த பிறகே மாறியது. மனிதரிலும் அம்மருந்துகள் வேலைசெய்ய வாரக்கணக்காகும். இந்தச் சோதனையை ஆய்வாளர்கள் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'நாட்பட்ட' என்றால் ஆண்டுக்கணக்கான நோய் நினைவுக்கு வருகிறது. பத்து நாட்களுக்குத் 'தொடர்' போதும். 'சமூக'த்துக்குப் பதிலாக 'இனத்துக்குள் மோதல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். 1977, 1983 இனக் கலவரங்களைக் கண்ட மலையகத்தில் 'இன மோதல்' என்பது எலிக்கூட்டைப் பற்றிய சொல்லாக ஒருநாளும் காதில் விழாது. 'அழுத்தம்' இன்னும் சிக்கலானது. 'மன அழுத்தம்' என்று சிலர் நெருக்கீட்டை (stress) சொல்கிறார்கள், சிலர் மனச்சோர்வை (depression) சொல்கிறார்கள். காரணமும் விளைவும் ஒரே சொல்லுக்குள் கிடந்தால் இந்தச் சோதனையை எப்படி விளக்குவது? நம் உளமருத்துவர்கள் வழங்கும் 'நெருக்கீடு' இருக்கும்போது வேறு தேட வேண்டியதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது 'தோல்வி'. அது தோற்றவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சொல்; அடித்தவர் அதில் மறைந்துபோகிறார். இப்படி மறைவது நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரான நம் பாட்டன் பாட்டிமாரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'நாடற்றவர்'. பறித்தது யார் என்பது அந்தப் பெயரில் இல்லை. மனிதரையும் எலியையும் நான் ஒப்பிடவில்லை. ஒரு சொல் எதை மறைக்கக்கூடும் என்பதையே சொல்கிறேன்.

ஆகவே 'தோற்கடிப்பு'. அதைக் கேட்டவுடனே 'யார் தோற்கடித்தது?' என்ற கேள்வி எழுகிறது. இன்னோர் உயிர் சொல்லுக்குள் தானாக வந்துவிடுவதால் 'சமூக' என்ற அடையும் தேவையில்லை. என் பரிந்துரை: தொடர் தோற்கடிப்பு நெருக்கீடு. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

பேராதனையிலிருந்து மறுமொழி:

சேர், 'தோற்கடிப்பு' எனக்கு முழுச் சம்மதம். ஒரு தயக்கம் மட்டும் உண்டு. நாளொன்றில் பத்து நிமிடம்தான் தோற்கடிப்பு நடக்கிறது. மிச்ச நேரமெல்லாம் தடுப்புக்கு அப்பாலிருந்து வரும் வாடைதான். அது பெயரில் எங்கே இருக்கிறது? இன்னொன்று: எல்லாச் சுண்டெலிகளும் ஒதுங்குவதில்லை. ஒதுங்காதவற்றை 'மீண்டவை' என்று எழுதலாமா?

*

தம்பி,

அந்த மிச்ச நேரம்தான் 'நெருக்கீடு'. நெருங்கியிருப்பதும் நெருக்குவதும் ஒரே வேரில் பிறந்தவை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒற்றைச் சுவருக்கு இப்பால் படுத்துக்கொண்டு, அப்பால் நடக்கும் சண்டை எப்போது நம் வாசலுக்கு வருமோ என்று கேட்டுக் கிடந்த இரவுகள் எனக்கு உண்டு. அடி விழாத நேரத்தையும் இந்தச் சொல் தாங்கும்.

'மீண்டவை' வேண்டாம். 2007இல் வெளியான ஆய்வில், ஒதுங்காத சுண்டெலிகளும் உயரத்தில் அமைத்த சிலுவை வடிவப் பாதையின் சுவரற்ற கைகளுக்குப் போகத் தயங்கின. அச்சம் அவற்றிடமும் இருந்தது. அச்சத்தோடேயே இன்னொன்றின் அருகில் போயின. அவற்றைத் 'தாங்கியவை' என்றும், ஒதுங்கியவற்றைத் 'தளர்ந்தவை' என்றும் எழுதப்போகிறேன். 'தோற்றவை' என்று ஒரு பிரிவை மட்டும் எழுத மாட்டேன். பத்து நாட்களும் தோற்கடிக்கப்பட்டவை இரண்டு பிரிவுமே.