கப்பல் தரையில் உட்காருமா?

குழு: பெரிய வீடு, தூத்துக்குடி

ஸ்டெல்லா: அம்மா, அப்பா, ஜூனில் நீங்கள் இங்கே நெதர்லாந்துக்கு வரும்போது ஒரு திட்டம் இருக்கிறது. ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து பழைய பாய்க்கப்பலில் இரண்டு இரவு போய் வரலாம். அருளோடு வேலை பார்க்கும் நாலு குடும்பம் சேர்ந்து முழுக் கப்பலையும் எடுக்கிறார்கள். நமக்கும் இடம் இருக்கிறது.

ஸ்டெல்லா: (படம்)

ஜெரால்ட்: குரூஸா அக்கா? நீச்சல் குளம் உண்டா?

ஸ்டெல்லா: குளமும் இல்லை, பஃபேயும் இல்லை. சமையல் நாமே, பாத்திரம் நாமே, பாய் இழுப்பதும் நாமே. கப்பலோட்டி ஒருவர், கூட ஒரு உதவியாள், அவ்வளவுதான் கப்பல் ஆட்கள்.

ஜெரால்ட்: காசையும் கொடுத்து வேலையும் பார்க்க வேண்டுமா 😂

ரோஸம்மாள்: எனக்குக் கப்பலே வேண்டாம் தாயி. பேரனைப் பார்க்கத்தான் வருகிறேன். கடலை இங்கே தினமும் பார்க்கிறேன்.

கிறிஸ்டோபர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கப்பலின் பக்கவாட்டில் அகலமாக ஒரு பலகை தொங்குகிறதே, அது என்ன? இரண்டு பக்கமும் உண்டா?

ஸ்டெல்லா: சித்தப்பா வந்தாச்சு! ஆமாம், பக்கத்துக்கு ஒன்று. இந்தக் கப்பல்களுக்கு அடிப்பாகம் தட்டை. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஏராக்கட்டை எதுவும் கிடையாது.

கிறிஸ்டோபர்: அப்படியென்றால் பக்கக் காற்றில் ஒரேயடியாகத் தள்ளிக்கொண்டு போகுமே. ஓ, அதைத் தடுக்கத்தான் பலகையா? காற்று வரும் பக்கம் இறக்குவார்களா, மறுபக்கமா?

ஸ்டெல்லா: மறுபக்கம். கப்பல் திரும்பும்போது ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்க வேண்டும். போன வருஷம் அருள்தான் அந்தச் சக்கரத்தைச் சுற்றினார். மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

கிறிஸ்டோபர்: நல்ல மூளை. ஆழமில்லாத தண்ணீரில் போக வேண்டும், பாயும் விரிக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். என்ன ஏற்றினார்கள் இதில்?

ஸ்டெல்லா: உருளைக்கிழங்கு, செங்கல், தானியம், அடுப்பெரிக்கும் கரிமண். பெரும்பாலும் 1880க்கும் 1930க்கும் இடையில் கட்டிய இரும்புக் கப்பல்கள். கிளிப்பர், தியால்க் என்று ஏழெட்டு வகை. கப்பலோட்டியின் குடும்பமே பின்பக்க அறையில் குடியிருக்குமாம். மனைவி சுக்கான் பிடிக்க, பிள்ளைகள் கயிறு பிடிக்க. பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்த்து அடியில் புகுந்து போவார்கள். நாம் தூங்கப்போவது சரக்கு வைத்த அறையில்தான். தடுப்பு அடித்து, மேலும் கீழுமாகப் படுக்கை போட்டிருக்கிறார்கள்.

கிறிஸ்டோபர்: பிறகு என்ஜின் வந்திருக்கும்.

ஸ்டெல்லா: என்ஜினும் வந்தது, லாரியும் வந்தது. நிறைய கப்பல்களில் பாய்மரத்தையே வெட்டி எறிந்துவிட்டார்கள். சிலதை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். 1960, 70களில் இளவட்டங்கள் சிலர் மிச்சமிருந்ததைச் சல்லிசாக வாங்கி, திரும்பவும் மரம் நட்டு, பாய் கட்டி, ஆள் ஏற்ற ஆரம்பித்தார்கள். இப்போது இதை ஓட்டக் கற்றுக்கொடுக்க எங்க்ஹாய்சன் ஊரில் ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது.

கிறிஸ்டோபர்: நம் தோணிகளுக்கு என்ஜின் வைத்ததும் பாயைச் சுருட்டி மூலையில் போட்டோம். இன்றைக்கு இங்கே பாய் வைத்துக் கொழும்புக்கு ஓட்டத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பள்ளிக்கூடம் வைத்தானாம். வைக்கட்டும், வைக்கட்டும்.

சேவியர்: எங்க்ஹாய்சனா? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் அது ஒன்று, ஹோர்ன் இன்னொன்று. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் ஊரைப் பிடித்தது அந்தக் கம்பெனிதான். நம் முத்துச் சலாபத்தில் வந்த வரவில் அந்த ஊர்களுக்கும் பங்கு போயிருக்கும்.

ரோஸம்மாள்: அப்போ போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஜெரால்ட்: 😂😂 அம்மா

பெனிட்டா: ஸ்டெல்லாக்கா, பாய் ஏன் அந்த நிறம்? துருப்பிடித்த மாதிரி.

ஸ்டெல்லா: அந்தக் காலத்தில் பருத்திப் பாய் மக்காமல் இருக்க மரப்பட்டைச் சாற்றிலும் காசுக்கட்டிக் கரைசலிலும் ஊறவைப்பார்களாம். இப்போது செயற்கைத் துணிதான், நிறத்தை மட்டும் விடவில்லை.

கிறிஸ்டோபர்: காசுக்கட்டியா? ஆச்சி வெற்றிலைக்குப் போடுவாளே, அதுவா! அது இந்தப் பக்கத்திலிருந்துதானே போயிருக்கும்.

பெனிட்டா: அப்பா இன்றைக்குத் தூங்கின மாதிரிதான்.

ஸ்டெல்லா: சித்தப்பா, முக்கியமான சங்கதியை இன்னும் சொல்லவில்லை. நடுக்கடலில் கப்பலைத் தரையில் உட்காரவைப்பார்கள்.

கிறிஸ்டோபர்: தரை தட்டுவதா? வேண்டுமென்றேவா?

ஸ்டெல்லா: வேண்டுமென்றே. வாடன் கடல் என்று பெயர். வடக்கே டெக்ஸல், விலீலாண்ட், டெர்ஸ்கெலிங் என்று தீவுகள் வரிசையாக நிற்கின்றன. தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் கடல் முழுக்க மணல் திட்டும் சேறும்தான். தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். வற்ற ஆரம்பித்ததும் ஒரு திட்டின் மேல் கொண்டுபோய் நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவார்கள். அடி தட்டையாக இருப்பதால் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும்.

கிறிஸ்டோபர்: நம் ஊரில் கடல் வெள்ளம் ஒரு மீட்டர்கூட ஏறாது. இரண்டு மீட்டர் என்றால் கணக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். சரி, உட்காரும்போது இடிக்காதா?

ஸ்டெல்லா: கடைசிக் கொஞ்ச நேரம் லேசாகத் தட்டும். அடியிலிருந்து டொக், டொக் என்று இரண்டு மூன்று தடவை. அப்புறம் ஆட்டமே இருக்காது. மேசையில் வைத்த டீ அசையாது. தண்ணீர் நன்றாக வற்றிய பிறகு பார்த்தால் சுற்றிலும் தண்ணீரே இல்லை. ஏணி போட்டு இறக்கிவிடுவார்கள். மணலில் கால் வைக்கும் இடமெல்லாம் ஒரு புழு தின்று கழித்த மண் சின்னச் சின்ன இடியாப்பமாகக் குவிந்து கிடக்கும். ரூபன் போன தடவை அதைத் தோண்டிப் புழுவைக் கண்டுபிடித்துவிட்டான், விரல் நீளம், கறுப்பு. சிப்பி பொறுக்கலாம். தள்ளி இருக்கும் திட்டில் கடல்நாய்கள் படுத்திருக்கும், கிட்டே போகக்கூடாது.

பெனிட்டா: எவ்வளவு நேரம் அப்படி?

ஸ்டெல்லா: ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் பன்னிரண்டரை மணி நேரம். கப்பல் தரையில் இருப்பது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளேன். மாலையில் உட்கார்ந்தால் ராத்திரி தூக்கத்தில் தானாக மிதந்துவிடும். ஜூனில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும், அதனால் சேற்றில் சாவகாசமாக நடக்கலாம். ஆனால் கப்பலோட்டி சொல்லும் தூரத்தைத் தாண்டக்கூடாது. தண்ணீர் திரும்பும்போது முதலில் கால்வாய்கள் நிறையும், நமக்குப் பின்பக்கம் நிறைவதே தெரியாது.

கிறிஸ்டோபர்: ஒரு கேள்வி. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெருவெள்ளத்தில், அதுவும் உச்சத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அடுத்த வெள்ளம் அந்த உயரம் வராது. கப்பல் அங்கேயே கிடக்குமே. இதை யோசிப்பார்களா?

ஸ்டெல்லா: யோசிக்காமலா! உச்சத்தில் ஏற்ற மாட்டார்கள், பாதி வற்றிய பிறகுதான். அப்போதுதான் அடுத்த ஏற்றம் நிச்சயமாகத் தூக்கும். வெள்ள அட்டவணை சுக்கான் பக்கத்திலேயே இருக்கும். காற்று கூடிவிட்டால் உட்காரவைக்கவே மாட்டார்கள்.

கிறிஸ்டோபர்: சரி. ஆள் தெரிந்தவன்தான்.

பெனிட்டா: எல்லாரும் குஷியாக இருக்கிறீர்கள், நான் சொல்லிவிடுகிறேன். தேடிப் பார்த்தேன். 2016 ஆகஸ்டில் இதே ஹார்லிங்கன் பக்கத்தில் ஒரு பாய்க்கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்து மூன்று ஜெர்மன் பயணிகள் இறந்திருக்கிறார்கள். 2022இல் டெர்ஸ்கெலிங் அருகே 12 வயதுச் சிறுமி ஒருத்தி. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை.

ரோஸம்மாள்: மாதாவே. ரூபனைக் கூட்டிக்கொண்டு போகிறாயா இதில்?

ஸ்டெல்லா: உண்மைதான் பெனி. 2016இல் மரம் உள்ளே உளுத்துப் போயிருந்தது. 2022இல் பாயின் அடியில் படுக்கைவாட்டில் இருக்கும் கட்டை முறிந்தது. விசாரணை நடத்திய அமைப்பு, சோதனை செய்ய வேண்டியவர்களையும் விடாமல் கேள்வி கேட்டது. அதனால்தான் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் மரம், கட்டை, கயிறு எல்லாம் கடைசியாக எப்போது சோதித்தது என்று கேட்டேன். சான்றிதழையும் அனுப்பச் சொன்னேன். சுணங்காமல் அனுப்பினார். சுணங்கியிருந்தால் வேறு கப்பல் பார்த்திருப்பேன்.

கிறிஸ்டோபர்: மரம் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். இரும்புப் பூண் போட்ட இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே தின்றுவிடும். நான் போனால் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பேன், சத்தத்திலேயே தெரியும். அப்புறம் எந்தக் கப்பலானாலும் சரி, அந்தப் படுக்கைக் கட்டைக்கு அடியில் பிள்ளைகள் உட்காரக்கூடாது. இழுபடும் கயிற்றின் நேரில் யாரும் நிற்கக்கூடாது.

பெனிட்டா: "நான் போனால்"??

ஜெரால்ட்: கவனித்தேன் 👀

ரோஸம்மாள்: எனக்கு மூட்டுவலி. ஏணியில் இறங்கி ஏற முடியாது. கக்கூஸ் எப்படி?

ஸ்டெல்லா: கக்கூஸ், ஷவர் எல்லாம் உண்டு அம்மா, ஆனால் இடம் சின்னது. அறைக்குப் போகும் படியும் செங்குத்துதான், பொய் சொல்ல மாட்டேன்.

ஜெரால்ட்: அம்மாவுக்குத் தீவில் ஹோட்டல் போடலாமே. பெரிய படகு ஓடுமே.

ஸ்டெல்லா: ஓடும், ஹார்லிங்கனிலிருந்து டெர்ஸ்கெலிங் இரண்டு மணி நேரம். அங்கே 1594இல் கட்டிய கலங்கரை விளக்கம்கூட இருக்கிறது. ஆனால் நம் கப்பல் டெர்ஸ்கெலிங்தான் போகும் என்று கப்பலோட்டி வாக்குக் கொடுக்க மாட்டார். காலையில் காற்றைப் பார்த்துத்தான் சொல்வார். விலீலாண்ட் போய்விட்டால் அம்மா ஒரு தீவில், நாம் ஒரு தீவில்.

சேவியர்: கரைக்கு உட்பக்கம் ஏரி ஒன்று இருக்கிறதே, அதில் போனால் என்ன? 1932இல் 32 கிலோமீட்டர் அணை கட்டிக் கடலை அடைத்தார்களே.

ஸ்டெல்லா: ஐசல்மேர். அங்கேயும் இதே கப்பல்கள்தான் அப்பா. வெள்ளம் ஏறி இறங்காது, அதனால் தரையில் உட்காரும் வேலை இல்லை. ஆனால் ஆழம் குறைவு, காற்றடித்தால் அலை குட்டையாக, அடுத்தடுத்து வரும். ஏரிதானே என்று போய் வாந்தி எடுத்தவர்கள் உண்டு. காற்று லேசான நாளில் ஒரு பகல் மட்டும் போய் வந்தால் நன்றாக இருக்கும். எங்க்ஹாய்சனில் காலையில் ஏறி சாயங்காலம் இறங்கலாம்.

ரோஸம்மாள்: எனக்கு அந்த ஒரு பகல் போதும். உட்கார்ந்து வருகிறேன், பாய் கீய் இழுக்க மாட்டேன். ரூபன் என் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்டெல்லா: ஏரிக்கு எல்லாரும். வாடன் கடலுக்கு அருள், நான், ரூபன், அப்பா? உங்களுக்குப் படி ஏற முடியுமா?

சேவியர்: நான் போகிறேன்.

ரோஸம்மாள்: எழுபது வயதில் பாய் இழுக்கப் போகிறாராம்.

சேவியர்: இழுக்க ஆள் இருக்கிறது. தம்பி, நீ விசாவுக்குப் போடு. நான் டிக்கெட் எடுத்துத் தருகிறேன்.

கிறிஸ்டோபர்: அண்ணன் சொன்னால் சரிதான். மதினி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரோஸம்மாள்: நான் என்ன சொல்ல. ராத்திரி முழுக்க இந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள், போய்த்தான் வாருங்களேன். அவரைக் கயிற்றுப் பக்கம் விடாதீர்கள்.

பெனிட்டா: அப்பா 😍 ஸ்வெட்டர் நான் வாங்கித் தருகிறேன்.

ஸ்டெல்லா: ஜூன் என்றாலும் கடலில் குளிரும், காற்றுத் தாங்கும் ஜாக்கெட்டும் வேண்டும். சேற்றுக்குப் பழைய கான்வாஸ் ஷூ போதும், புதுசு வேண்டாம். சமையலுக்கு நான் அரிசி, பருப்பு, புளி எடுத்து வைக்கிறேன். பால்கோவா, நெய் எதுவும் கொண்டு வராதீர்கள், ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். பாலில் செய்ததும் இறைச்சியும் கூடாது. கருவாடு கொண்டு வரலாம்.

ஜெரால்ட்: கப்பலுக்குள் கருவாடு வறுத்தால் மற்ற குடும்பங்கள் சேற்றில் இறங்கி நடந்தே கரைக்குப் போய்விடுவார்கள்.

கிறிஸ்டோபர்: தரையில் உட்கார்ந்ததும் வெளியே வைத்து வறுப்போம்லே.

ஸ்டெல்லா: 😂 சித்தப்பா, அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன். பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள்.

கிறிஸ்டோபர்: (படம்)

பெனிட்டா: அப்பா!! குழுவில் போட்டுவிட்டீர்கள்.

கிறிஸ்டோபர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது